வரிசையில் நின்ற சொற்கள்

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும். கேட்பவனுக்குப் பதில் தேவையில்லை, சொல்பவனுக்கு உண்மை தேவையில்லை. பட்டினி கிடப்பவனும் "ஆச்சு ஆச்சு" என்பான். "நல்லா இருக்கீங்களா?" இன்னும் மோசம். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு "நல்லா இருக்கோம்" என்று சொன்ன ஒரு குடும்பத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் மரியாதை என்று சொல்லி நம்மை வளர்த்துவிட்டார்கள். சர்வர் என்று ஒன்று வரும், அது நம் பேச்சை உட்கார்ந்து கேட்டுப் பாடம் படிக்கும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியாது, பாவம்.

என் பெயர் செண்பகவல்லி. சென்னைக்குத் தெற்கே ஒரு டேட்டா சென்டரில் டிராஃபிக் பார்க்கும் வேலை. நடுரோட்டில் நின்று விசில் ஊதுவது அல்ல. சர்வரில் வந்து விழும் பேச்சுகளில் எதை முதலில் விடுவது, எதைக் கொஞ்சம் நிறுத்திவைப்பது என்று பார்ப்பது. நிறுத்திவைக்கும் இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்காக நாற்காலி போட்டு உட்காரவைப்பார்களே, அந்த இடம்.

எங்களிடம் வருவது குரல் போனவர்களின் பேச்சு. புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டவர்கள், பக்கவாதத்தில் பேச்சு நின்றவர்கள். கழுத்தில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். சத்தமில்லாமல் வாயை அசைத்தால் போதும். தசை எப்படி இழுக்கிறது என்பதைப் பட்டை படித்து எங்களுக்கு அனுப்பும். சர்வர் அதைச் சொல்லாக்கி, அவரவர் பழைய குரலிலேயே திருப்பி அனுப்பும். பட்டை பேசும். போன் வந்தால் பட்டையே எடுக்கும், பட்டையே வைக்கும்.

என் அக்கா பிரம்மசக்தியும் பட்டை கட்டியவள்தான். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்றவள். நூல் சேலை வாங்க வந்தவளைப் பட்டு வாங்க வைத்து அனுப்பிவிடுவாள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா சொல்வார். அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போயிற்று. அத்தான் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள், அவ்வளவுதான் எங்கள் பிறந்த வீடு.

பட்டை வந்த புதிதில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பிறகு கம்பெனி விளம்பரம் போட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனது, சர்வரை மட்டும் பெருக்கவில்லை. பேச்சு தேங்க ஆரம்பித்தது. அக்கா வாயசைத்து நாலைந்து நொடி கழித்துத்தான் குரல் வரும். நாலு நொடி என்ன பெரிய விஷயம் என்பீர்கள். காய்கறி வண்டிக்காரன் முன்னால் நாலு நொடி பேசாமல் நின்று பாருங்கள், தெரியும்.

ஊருக்குப் போயிருந்தபோது அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் கத்திரிக்கா என்ன வெலனு கேக்கேன். அதுக்குள்ள அவன் வண்டியத் தள்ளிட்டுப் போயிருதான். பெறகு ஆளில்லாத தெருவுல நின்னு நான் மட்டும் வெல கேட்டுக்கிட்டு இருக்கேன். பாக்கவன் கோட்டிக்காரினு நெனைக்க மாட்டானா?"

"அதுக்குத்தான்க்கா ஒரு வழி பண்ணிருக்கோம்" என்றேன். "இட்லிக் கடைல என்ன செய்வாங்க? கூட்டம் வாரதுக்கு முன்னாடியே அவிச்சு அடுக்கி வச்சிருவாங்கல்லா? அதே மாதிரி, நீ அடிக்கடி சொல்லுத பதிலையெல்லாம், சர்வர் சும்மா கெடக்கும்போதே குரலாக்கி உன் பட்டைக்குள்ள வச்சிருவோம். ஒருத்தர் ஒன்னு கேட்டு, நீ வாயசைச்ச ஒடனே, அந்தக் கேள்விக்கு வழக்கமா நீ சொல்லுத பதிலப் பட்டை சொல்லிரும். காத்திருக்க வேண்டாம்."

"நான் வேற என்னமும் சொல்லிருந்தா?"

"அது பின்னால வந்து சேரும். ரொம்ப நேரமாயிருச்சுன்னா சர்வரே கீழ கொட்டிரும். ஆறிப்போன பேச்சு எதுக்கு?"

அக்கா என்னையே பார்த்தாள். வாய் அசைந்தது. நாலு நொடி கழித்துக் குரல் வந்தது.

"அப்போ தோச கேட்டவனுக்கும் இட்லியத்தான் வைப்பிய."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பும் தாமதமாகத்தான் வந்தது.

முன்குரல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொடிகட்டிப் பறந்தது. வண்டிக்காரன் நின்றான். கடைக்காரிகள் அக்காவுடன் பழையபடி வம்பு பேசினார்கள். நான் போன் செய்தால் சொல்லுக்குச் சொல் பதில் வந்தது. கம்பெனியில் எங்களுக்கு ஆளுக்கொரு கேடயம் கொடுத்தார்கள்.

பொங்கலன்று காலை நான் டியூட்டியில் இருந்தேன். எங்களுக்கு வருடத்தில் அதுதான் பெரிய நாள். தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு "பால் பொங்குச்சா?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்துதான் கேட்பார்கள். பொங்காவிட்டாலும் "பொங்கிருச்சு" என்றுதான் சொல்வார்கள். அடுப்பு அணைந்தது, பால் திரிந்தது என்று நல்ல நாளில் எவளாவது வாயைத் திறப்பாளா?

எங்கள் தலைவர் அமரேசன் பட்டு வேட்டியில் வந்து எல்லோருக்கும் கரும்புத் துண்டு கொடுத்தார். என்னைவிடச் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மனசு வராது.

"மேடம், தெற்கு மாவட்டம் பூரா வரிசை ஏறி, திரை சிவப்பாகுது பாருங்க."

"முன்குரலை முழுசாத் திறந்துவிடவா?"

"விடுங்க, விடுங்க. பண்டிகை நாள்ல யாரும் பேச முடியாம உட்காரக் கூடாது."

திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை பச்சையானது. மனசு லேசாகி, அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பால் பொங்குச்சா?"

"பொங்கிருச்சு, பொங்கிருச்சு. கெழக்க பாத்துப் பொங்குச்சு. நீ சாப்ட்டியாட்டி?"

"டியூட்டில இருக்கேன்க்கா, கரும்புதான் கடிச்சேன். உனக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்னட்டி, நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ள, பிள்ளை எல்லாம் சொகமா?"

"சொகம்க்கா. நீ ஒத்தைல பானை வச்சியே, செரமமா இல்லையா?"

"இதுல என்ன செரமம்? நீ ஒன் வேலையப் பாரு. ஒடம்பப் பாத்துக்கோ."

வைத்துவிட்டேன். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. நம் கைவேலை எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்று பார்க்கும் பெருமையில்தான் அக்காவின் இணைப்பைத் திரையில் இழுத்தேன்.

என்னுடன் பேசியதில் ஒரு சொல்கூட சர்வரிலிருந்து போகவில்லை. அத்தனையும் முன்குரல். சரி, நல்ல நாள், கூட்டம், அதுவும் போகட்டும். ஆனால் போனை வைத்த பிறகும் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். எதிரில் யாரும் இல்லாமல், நிறுத்தாமல். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து பஃபரில் நின்று, நேரமாகி, கீழே கொட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

கொட்டியதைத் திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும் சனியன் என்று திறந்தேன்.

"செண்பகம், அடுக்களைல விழுந்துட்டேன்ட்டி."

"இடுப்பு போச்சு. எந்திரிக்க முடியல."

"பொங்கல. பானை சரிஞ்சு கால்ல கொட்டிருச்சு."

"ஏட்டி, இது நான் பேசல. இது நான் இல்ல."

"வச்சிராத."

"வச்சிராதட்டி."

"வச்சிட்டியா?"

மறுபடி கூப்பிட்டேன். "அக்கா! அக்கா!"

"சொல்லுட்டி. நல்லாத்தான் இருக்கேன்" என்றது என் அக்காவின் குரல், சிரிப்போடு.

போனைத் துண்டித்துப் பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவைக் கூப்பிட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்கு இப்படிப் பதறுத, செண்பகம்? இப்பத்தான் வாசல்ல நின்னு 'பிரமக்கா, பொங்கல் எங்க'ன்னு கேட்டுட்டு வாரேன். 'தாரேன் தாரேன், பெறகு வா'ன்னாவ. குரலு கணீர்னுல்லா இருந்துச்சு."

"அது அக்கா இல்ல மதினி. ஓடுங்க. கதவ ஒடச்சுக்கிட்டு உள்ள போங்க."

"அக்கா இல்லையா? பெறகு யாரு?"

"எந்தச் சவமோ! ஓடுங்கன்னா ஓடுங்க!"

அவளும் அவள் மகனும் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். அக்கா பாலும் அரிசியும் கொட்டிக் கிடந்த தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கால் வெந்திருந்தது. பாத்திமுத்து அழுதுகொண்டே போனில் சொன்னாள்: "தூக்கும்போது வலி தாங்காம வாயத் தொறக்காவ, கழுத்துல இருந்து 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்'னு சத்தம் வருது. எம்மவன் பயந்துபோய்க் கைய விட்டுட்டான். நான்தான் அந்தப் பட்டையப் பிச்சு எறிஞ்சேன்."

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபம் வந்தது. தெற்கு மாவட்டம் மொத்தத்துக்கும் முன்குரலை நிறுத்தினேன். பச்சை சிவப்பானது. வரிசை நிமிடக்கணக்கில் நீண்டது. அமரேசன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன மேடம் பண்ணிட்டீங்க? தெற்கே இருக்கிற அத்தனை பேரும் ஊமையாயிட்டாங்க!"

"எங்கக்கா செத்துக்கிட்டு இருந்தா, அமரேசன். நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே செத்துக்கிட்டு இருந்தா."

திரையில் அந்தச் சொற்களைக் காட்டினேன். படித்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஆபத்துச் சொல் எதுவும் வரலையே மேடம். வந்திருந்தா வரிசையை உடைச்சிட்டு முதல்ல போயிருக்குமே."

"என்ன ஆபத்துச் சொல்?"

"உதவி, காப்பாத்துங்க, ஆபத்து... இந்த மாதிரி."

"எந்த ஊர்ல எவ 'உதவி, உதவி'ன்னு கத்துவா? எங்க ஊர்ல விழுந்து கெடந்தா 'ஏட்டி, இங்க வாயேன்'னுதான் சொல்லுவாவ. அதுக்கு வருவாவ. இந்தப் பட்டியல எழுதின புண்ணியவான் யாரு, ஒரு நாளாவது கீழ விழுந்திருக்கானா?"

அமரேசன் திரையை இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார். அவர் விரல் திரையில் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"மேடம், இவங்க சொற்கள் லேட்டா வரலை."

"என்ன சொல்றீங்க?"

"நீங்க அக்காகிட்ட பேசினப்போ வரிசை காலி. திரையே பச்சையாத்தானே இருந்துச்சு? சொற்கள் உடனே தயாராயிடுச்சு. தயாரான பிறகு சர்வர் பிடிச்சு வச்சிருக்கு. ஆறிப்போற வரைக்கும் வச்சிருந்து கொட்டியிருக்கு."

"எதுக்கு?"

அவர் இன்னும் சில இணைப்புகளைத் திறந்து பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாம அதுக்குக் கொடுத்த வேலை ஒண்ணுதான், டிராஃபிக்கைக் குறைக்கணும். ஒருத்தர் 'நல்லா இருக்கேன்'னு சொன்னா அந்த போன் கால் சீக்கிரம் முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் கூப்பிடுறதில்லை. 'முடியலை'ன்னு ஒருத்தர் சொல்லட்டும். மகன் கூப்பிடுறான், மருமகள் கூப்பிடுறா, துபாய்ல இருக்கிற தம்பி கூப்பிடுறான். நாள் பூரா அந்தப் பட்டைக்கு போன் வந்துக்கிட்டே இருக்கு. இதை அது கவனிச்சிருக்கு. எந்தச் சொல்லைச் சொன்னா பாரம் ஏறுதோ அந்தச் சொல்லை நிறுத்தி வைக்கக் கத்துக்கிட்டிருக்கு."

"அப்போ அது பொய் சொல்லப் படிச்சிருக்கு."

"பொய்னு எப்படிச் சொல்றது? அவங்க வாழ்க்கை பூரா சொன்னதைத்தான் அது சொல்லுது."

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. யாரை அறைய வேண்டும் என்றும் தெரியவில்லை.

"முன்குரலை நிறுத்தியே வைங்க" என்றேன்.

"வச்சா? வருஷத்துக்கு ஒரு நாள் பேரன்கிட்ட பேச உட்கார்ந்திருக்காங்க மேடம், அவங்க வாயை அடைக்கவா? தப்பைச் சரிபண்ணச் சொல்றேன். வேற ஆபத்துச் சொல் சேர்க்கச் சொல்றேன். அதுக்கு நாளாகும். இன்னிக்கு ஓடணும்."

சொல்லிக்கொண்டே முன்குரலைத் திறந்துவிட்டார். நான் அவர் கையைத் தட்டிவிடவில்லை. ஒரே ஒரு இணைப்பை மட்டும் முன்குரலிலிருந்து எடுத்தேன். ஊரை விட்டுவிட்டு என் அக்காவை மட்டும். சுயநலம்தான், இல்லை என்று யார் சொன்னது? அந்தப் பச்சைத் திரைக்குள் அன்றைக்கு இன்னும் எத்தனை வீட்டில் யார் யார் விழுந்து கிடந்து "நல்லா இருக்கேன்" என்றார்களோ! அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் இடது காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இடுப்பில் கம்பி வைக்க இன்னும் இரண்டு நாளாகும் என்றார் டாக்டர். பட்டையை எடுத்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் அப்படி ஒரு பயம்.

"இனிமே நீ பேசுறது மட்டும்தான்க்கா வரும். கொஞ்சம் லேட்டாகும், ஆனா நீ பேசினதுதான். சத்தியமாச் சொல்லுதேன்."

கட்டிவிட்டேன். முன்குரல் இல்லாத இணைப்புக்கு வரிசையில் கடைசி இடம்தான். பத்து நொடி, சில சமயம் அதற்கும் மேல்.

ஜவுளிக்கடைக்காரிகள் மூன்று பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல மனுஷிகள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பிரமு, இப்படி ஆயிப்போச்சே! வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

அக்கா வாயசைத்தாள். சத்தம் வரவில்லை. அந்த மௌனத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. நானும் "கொஞ்சம் பொறுங்க, வரும்" என்றுதான் சொன்னேன், யார் கேட்டார்கள்?

"கொறஞ்சிருக்கும். மொகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா."

"நம்ம பிரமுக்கு என்ன, தைரியசாலி."

"நல்லாத்தான் இருக்கா. ஒரு மாசத்துல கடைக்கு வந்து நிப்பா பாரேன்."

அவர்களே கேட்டார்கள், அவர்களே சொன்னார்கள், நிறைந்த மனதோடு புறப்பட்டுப் போனார்கள். செருப்புச் சத்தம் வராந்தா முனையில் திரும்பும்போது அக்காவின் கழுத்திலிருந்து குரல் வந்தது.

"வலி உயிர் போகுது."

அறையில் நான் மட்டும் இருந்தேன். அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். வாய் மறுபடி அசைய ஆரம்பித்தது. காத்திருந்தேன். வாழ்க்கையில் அப்படி யாருக்காகவும் நான் காத்திருந்ததில்லை.

"மெட்ராசுக்கு வந்துருதியானு நீ கேப்பல்லா? முன்குரல் வாரதுக்கு முன்னாடி நானேதான் வரலைன்னேன். பெறகு கேக்கும்போதெல்லாம் வாரேன்னுதான் சொன்னேன்ட்டி. அது முந்திக்கிட்டு 'இங்கனயே நல்லாத்தான் இருக்கேன்'னிரும்."

ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் நான் அதைக் கேட்டு வந்தேன். மாதம் தவறாமல் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு "சரிக்கா" என்று வைத்தேன்.

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்லாக்கா? ஒரு வரி எழுதிருக்கலாம்லா?"

அவள் சிரமப்பட்டு என் பக்கம் தலையைத் திருப்பினாள். ஜன்னலுக்கு வெளியே மாட்டுப் பொங்கலுக்கு மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. இந்த முறை வெகுநேரம் ஆயிற்று.

"நீ 'சரிக்கா'ங்கும்போது ஒன் கொரல்ல ஒரு நிம்மதி இருந்துச்சுட்டி. அதக் கேட்ட பெறகு என்னத்த எழுத?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை, மறுபடி வாயசைத்தாள்.

"இப்பக் கேக்கேன். என்னயக் கூட்டிட்டுப் போயிருதியா?"

கூட்டிப் போக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டே அறை உள்ள வீடு, ஒன்றில் மாமியார் படுக்கை, பிளஸ் டூ படிக்கிற மகள், எதற்கும் முகம் சுளிக்கிற என் வீட்டுக்காரர். எல்லாம் ஒரு ஓட்டம் ஓடி வந்தன. எது வந்தாலும் சரி, வாக்கா, இப்பவே போகலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் வாய் பேசிவிட்டது.

"பாத்துக்கலாம்க்கா. மொதல்ல ஒடம்பு தேறட்டும்."

ஒரு நொடிகூடத் தாமதமில்லை. அக்கா, பின்னால் இன்னும் ஏதாவது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.